பிறர் முட்டைக்கும் இடம் கொடுக்கும் தீக்கோழி

2016-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு தீக்கோழி ஓடியது. கார்களுக்கு நடுவே, கார்களோடு போட்டி போடுவதுபோல் அது ஓடிய காணொளி நாடு முழுவதும் பரவியது. உங்கள் வீட்டில் அண்ணனோ அக்காவோ அதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். ஆனால், அந்தப் பறவையின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். அது செய்தது வேடிக்கை அல்ல. ஆபத்து என்று பட்டதும் ஓடு, வெட்டவெளியில் நேராக ஓடு, களைப்படையாமல் ஓடு. பல இலட்சம் ஆண்டுகளாக ஆப்பிரிக்கப் புல்வெளிகள் அதன் உடலில் எழுதி வைத்த பாடம் அதுதான்.

நம் நாட்டில் தீக்கோழியைப் பண்ணையிலும் விலங்கியல் பூங்காவிலும்தான் காண்கிறோம். வேலிக்குப் பின்னால் நின்று, நாம் நீட்டும் தீனியைக் கொத்தும் பறவையாகவே அதை அறிந்திருக்கிறோம். காட்டில் அதன் வாழ்க்கை முற்றிலும் வேறு. அங்கே ஒவ்வொரு முட்டைக்கும் ஒவ்வொரு குஞ்சுக்கும் உயிர்ப்போராட்டம் உண்டு. அந்தப் போராட்டத்தில் தீக்கோழி கையாளும் ஓர் உத்தி, விலங்கியல் அறிஞர்களையே பல காலம் குழப்பியது. தாய்ப்பறவை தன் கூட்டில் வேறு பெண் பறவைகள் முட்டையிட அனுமதிக்கிறது. அந்த முட்டைகளையும் அடைகாக்கிறது. ஏன்? அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு முன், இந்தப் பறவையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், மாணவர்களே.

பெயரில் தீயும் கோழியும்

தீக்கோழி, நெருப்புக்கோழி என்று நாம் அழைத்தாலும் இதற்கும் நெருப்புக்கும் தொடர்பில்லை. இது கோழி இனமும் அல்ல. இதன் அறிவியல் பெயர் ஸ்ட்ருதியோ கேமலஸ். இதில் கேமலஸ் என்பது ஒட்டகத்தைக் குறிக்கும். பழங்காலக் கிரேக்கர்கள் இதை ‘ஒட்டகக் குருவி’ என்ற பொருளில் அழைத்தார்கள். நீண்ட கழுத்து, நீண்ட கால், வறண்ட நிலத்தில் வாழும் திறன் ஆகியவற்றைப் பார்த்தால் அந்தப் பெயர் பொருத்தமாகவே படுகிறது. ‘குருவி’ என்பதுதான் சிரிப்பை வரவழைக்கும். வளர்ந்த ஆண் தீக்கோழியின் உயரம் 2.1 மீட்டரிலிருந்து 2.7 மீட்டர் வரை இருக்கும். எடை 100 கிலோகிராமைத் தாண்டும். இன்று உலகில் வாழும் பறவைகளில் மிகப் பெரியது இதுதான்.

இப்போது உலகில் இரண்டு வகைத் தீக்கோழிகள் உள்ளன. ஒன்று, ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் வாழும் பொதுத் தீக்கோழி. மற்றொன்று, சோமாலியா, எத்தியோப்பியா, கென்யாவின் வடபகுதி ஆகிய இடங்களில் வாழும் சோமாலியத் தீக்கோழி. ஆண் சோமாலியத் தீக்கோழியின் கழுத்தும் தொடையும் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். நெடுங்காலம் இரண்டும் ஒரே இனம் என்றே கருதப்பட்டன. 2014-ஆம் ஆண்டில்தான் சோமாலியத் தீக்கோழி தனி இனமாகச் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றது.

ஒரு காலத்தில் தீக்கோழியின் உலகம் இன்னும் பெரிதாக இருந்தது. இந்தியாவின் இராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா போன்ற இடங்களில் தீக்கோழி முட்டை ஓடுகள் மண்ணிலிருந்து கிடைத்துள்ளன. சிலவற்றில் பழங்கால மனிதர்கள் கோடுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். ஏறக்குறைய 25,000 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவிலும் தீக்கோழி ஓடித் திரிந்தது என்பதற்கு அந்த ஓடுகளே சான்று.

ஓடுவதற்கென்றே ஓர் உடல்

பறக்கும் பறவையின் நெஞ்செலும்பில் படகின் அடிக்கட்டை போன்ற ஒரு மேடு இருக்கும். இறக்கையை அசைக்கும் வலிமையான தசைகள் அதில்தான் ஒட்டியிருக்கும். கோழி வெட்டும்போது நெஞ்சுப் பகுதியில் நீண்டிருக்கும் அந்த எலும்பை நீங்கள் பார்த்திருக்கலாம். தீக்கோழிக்கு அந்த மேடு கிடையாது. அதன் நெஞ்செலும்பு தட்டையானது. இறகுகளும் வேறுபட்டவை. மற்றப் பறவைகளின் இறகிழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு காற்றைத் தள்ளும் பரப்பாக இருக்கும். தீக்கோழியின் இறகில் அந்தக் கொக்கிகள் இல்லை. அதனால்தான் அது பஞ்சுபோல் தளர்ந்து தொங்குகிறது.

பறக்கும் திறனை இழந்ததற்கு ஈடாகக் கால்கள் வளர்ந்தன. தீக்கோழியின் உச்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். இந்த வேகத்தில் 100 மீட்டரை ஐந்து விநாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கடந்துவிடலாம். உலகின் அதிவேக மனிதரான உசேன் போல்ட், 2009-இல் பெர்லினில் அதே தூரத்தை 9.58 விநாடியில் ஓடினார். அதாவது, போல்ட் பாதித் தூரத்தை எட்டும் நேரத்தில் தீக்கோழி முடிவுக் கோட்டில் நிற்கும். அதுமட்டுமல்ல, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நெடுநேரம் ஓடவும் அதனால் முடியும்.

இந்த வேகத்தின் இரகசியம் என்ன? தீக்கோழியின் கால் நடுவே பின்னோக்கி மடிவதுபோல் தெரியும். பலர் அதை முழங்கால் என்று நினைப்பார்கள். உண்மையில் அது கணுக்கால். முழங்கால் மேலே, இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. கனமான தசைகள் எல்லாம் இடுப்புக்கு அருகே திரண்டிருக்க, காலின் கீழ்ப்பகுதியில் எலும்பும் நீண்ட தசைநாண்களுமே உள்ளன. கீழ்ப்பகுதி இலேசாக இருப்பதால் காலை முன்னும் பின்னும் வீசுவது எளிது. நீண்ட தசைநாண்களோ சுருள்வில் போல் செயல்படுகின்றன. கால் தரையில் ஊன்றும்போது அவை நீண்டு ஆற்றலைச் சேமிக்கின்றன. கால் எழும்பும்போது சுருங்கி அதைத் திருப்பித் தருகின்றன. உங்கள் பாடநூலில் படித்த மீள்சக்தி நிலையாற்றல் இங்கே உயிருள்ள உடலில் வேலை செய்கிறது.

பாதத்தைப் பாருங்கள். பெரும்பாலான பறவைகளுக்கு நான்கு விரல்கள். தீக்கோழிக்கு இரண்டே விரல்கள்! உலகில் இரண்டு விரல்களோடு வாழும் பறவை இது ஒன்றுதான். பெரிய விரலில் குளம்பு போன்ற தடித்த நகம் உண்டு. தரையைத் தொடும் பரப்பு குறையக் குறைய ஓட்டம் எளிதாகும். குதிரை ஒற்றைக் குளம்போடு ஓடுவதும் இதே காரணத்தால்தான். ஒரே சிக்கலுக்குப் பறவையும் பாலூட்டியும் தனித்தனியே ஒரே வகைத் தீர்வை எட்டியிருக்கின்றன.

அப்படியானால் இறக்கைகள் வீணா? இல்லை. விரித்தால் அவை இரண்டு மீட்டர் நீளம் இருக்கும். வேகமாக ஓடும்போது திரும்பவும் நிலைதடுமாறாமல் இருக்கவும் உதவும். ஆண் பறவை இணையைக் கவர அவற்றை மாறி மாறி அசைத்து ஆடும். வெயிலில் குஞ்சுகளுக்குக் குடையாக விரிப்பதும் அதே இறக்கைகளைத்தான்.

ஓட வழியில்லாதபோது தீக்கோழி உதைக்கும். அந்த உதை முன்னோக்கியே விழும். வலிமையான காலும் கூரிய நகமும் சேர்ந்த அந்த உதை, வேட்டை விலங்குக்குக் கடும் காயத்தை ஏற்படுத்தக்கூடியது.

பல கண்கள் ஒன்றாகக் காவல் காத்தால்

தீக்கோழியின் கண் 5 சென்டிமீட்டர் குறுக்களவு கொண்டது. நிலத்தில் வாழும் முதுகெலும்புள்ள உயிரினங்களில் இதுவே மிகப் பெரிய கண். இரண்டு மீட்டருக்கு மேலே அந்தக் கண்கள் இருப்பதால், புல்லுக்குள் பதுங்கி வரும் சிங்கத்தையும் சிறுத்தையையும் தொலைவிலேயே கண்டுகொள்ள முடியும். ஆனால் ஒரு சிக்கல். தீக்கோழி பெரும்பாலும் தாவரங்களையே தின்கிறது. புல், விதை, பூ, வேர் ஆகியவற்றோடு சில நேரம் வெட்டுக்கிளி போன்ற சிற்றுயிர்களையும் உண்ணும். தின்பதற்குத் தலையைக் குனிய வேண்டும். தலை குனிந்தால் காவல் போய்விடும். வயிற்றைக் கவனிப்பதா, உயிரைக் கவனிப்பதா?

பிரிட்டிஷ் விலங்கியலாளர் பிரையன் பெர்ட்ராம், 1970-களின் பிற்பகுதியில் கென்யாவின் மேற்கு சாவோ தேசியப் பூங்காவில் தீக்கோழிகளை உற்றறிந்தார். தனியாக மேயும் பறவை அடிக்கடி தலையைத் தூக்கிப் பார்த்தது. கூட்டமாக மேயும்போது ஒவ்வொரு பறவையும் தலை தூக்கும் நேரம் குறைந்தது. ஆனால், யாராவது ஒன்று தலை தூக்கியிருக்கும் மொத்த நேரம் கூடியது. ஒவ்வொன்றுக்கும் தின்பதற்குக் கூடுதல் நேரம். கூட்டத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு.

இதை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளலாம். எடுத்துக்காட்டுக்கு, ஒரு பறவை 20 விழுக்காடு நேரம் தலை தூக்கிப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 80 விழுக்காடு நேரம் அது பார்ப்பதில்லை. இரண்டு பறவைகள் ஒன்றையொன்று சாராமல் இப்படிச் செய்தால், இரண்டுமே பார்க்காத நேரம் 0.8 × 0.8 = 0.64. அதாவது 36 விழுக்காடு நேரம் குறைந்தது ஒன்றாவது காவலில் இருக்கும். நான்கு பறவைகள் என்றால் காவல் நேரம் ஏறக்குறைய 59 விழுக்காடு; எட்டு என்றால் 83 விழுக்காடு. நிகழ்தகவுப் பாடம் எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்குத் தீக்கோழிக் கூட்டமே பதில்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தலை தூக்கும் இடைவெளி சீராக இருந்தால், பதுங்கியிருக்கும் சிங்கம் அதைக் கணித்துவிடும். தீக்கோழிகளின் இடைவெளிகள் அப்படிக் கணிக்க முடியாதவை. வரிக்குதிரை, மான் கூட்டங்களோடு தீக்கோழிகள் சேர்ந்து மேய்வதையும் ஆப்பிரிக்கச் சமவெளிகளில் பார்க்கலாம். காவலுக்குக் கண்கள் கூடுவது எல்லாருக்கும் நல்லதுதானே.

வெயிலோடு ஒரு போராட்டம்

தீக்கோழி வாழும் நிலத்தில் நிழல் அரிது. நண்பகல் வெயிலில் அது எப்படி உயிர் பிழைக்கிறது? அதன் தொடையிலும் கழுத்திலும் இறகுகள் மிகக் குறைவு. காற்று வீசும்போது உடல் வெப்பம் அந்த இடங்கள் வழியாக வெளியேறும். முதுகில் உள்ள இறகுகளோ தடித்த கூரை. வெயில் ஏறினால் அவற்றைச் சிலிர்த்து நிறுத்தும். காற்று உள்ளே புகுந்து வரும். இரவில் குளிர் இறங்கினால் இறகுகளைப் படியவைத்து, இறக்கையால் தொடையை மூடிக்கொள்ளும்.

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. ஆகவே, தீக்கோழி நாயைப் போல் மூச்சிரைத்து உடலைக் குளிர்விக்கிறது. இதில் ஓர் ஆபத்து உண்டு. நாம் நெடுநேரம் வேகமாக மூச்சு விட்டால் தலை சுற்றும். இரத்தத்திலுள்ள கரிவளி அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை கூடிவிடுவதே காரணம். விலங்குகள் பாலைவனத்தில் வாழும் விதத்தை ஆராய்ந்த நட் ஷ்மிட்-நீல்சனும் அவருடைய குழுவினரும் 1969-இல் தீக்கோழிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். 50 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் தீக்கோழிகள் மணிக்கணக்கில் மூச்சிரைத்தன. அப்போதும் அவற்றின் இரத்தத்தில் அந்த மாற்றம் ஏற்படவில்லை. உடல் வெப்பமும் கட்டுக்குள் இருந்தது.

நீரைப் பொறுத்தவரை, பச்சைத் தாவரங்களிலிருந்து கிடைக்கும் ஈரமே அதற்குப் பல நாள் போதும். நீர்நிலை கண்ணில் பட்டால் விருப்பத்தோடு குடிக்கும். பல் இல்லாததால் உணவை அப்படியே விழுங்கும். அதோடு சிறு கற்களையும் விழுங்கும். இரைப்பையில் அந்தக் கற்கள் அம்மிக்கல் போல் உணவை அரைக்கும்.

ஒரு கூடு, பல தாய்கள்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இணைசேரும் காலத்தில் ஆண் தீக்கோழி தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளும். அலகை மூடியபடி கழுத்தை ஊதிப் பெருக்கி, தொலைவிலிருந்து கேட்டால் சிங்கத்தின் உறுமல் என்று எண்ணும்படி ஆழ்ந்த குரல் எழுப்பும். தரையில் காலால் பறித்து ஒரு பள்ளம் உண்டாக்கும். வைக்கோல் இல்லை, குச்சி இல்லை. அந்தப் பள்ளம்தான் கூடு.

அந்தக் கூட்டுக்கு ஒரு தலைமைப் பெண் பறவை இருக்கும். அது இரண்டு நாளுக்கு ஒன்றாக முட்டையிட்டு, ஏறக்குறைய 10 முட்டைகள் இடும். ஆனால், அதே கூட்டில் வேறு சில பெண் பறவைகளும் வந்து முட்டையிடும். அவை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடைகாப்பதும் இல்லை, காவல் காப்பதும் இல்லை. தலைமைப் பெண் பறவை அவற்றைத் துரத்துவதில்லை. எழுந்து வழிவிடவும் செய்யும். இப்படிக் கூட்டில் 20, 30 முட்டைகள் சேரும். சில கூடுகளில் 40-ஐயும் தாண்டும்.

ஒரு பறவையால் ஏறக்குறைய 20 முட்டைகளையே மூடி அடைகாக்க முடியும். மீதியை என்ன செய்வது? அடைகாக்கத் தொடங்கும்போது தலைமைப் பெண் பறவை சில முட்டைகளைக் கூட்டுக்கு வெளியே, ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துக்கு, அலகால் உருட்டித் தள்ளிவிடும். அங்கே அவை ஒரு வளையமாகக் கிடக்கும். அடைகாக்கப்படாததால் அவற்றிலிருந்து குஞ்சு வராது.

எந்த முட்டைகள் தள்ளப்பட்டன? பெர்ட்ராம், எந்தப் பறவை எந்த முட்டையை இட்டது என்று குறித்துவைத்துக் கவனித்தார். தள்ளப்பட்டவை ஏறக்குறைய எல்லாமே பிற பறவைகளின் முட்டைகள். தலைமைப் பறவை தன் முட்டைகளை அடையாளம் கண்டு நடுவில் வைத்துக்கொண்டது. நமக்கு எல்லாம் ஒன்றுபோல் தெரியும் வெள்ளை முட்டைகள். ஆனால் ஓட்டிலுள்ள நுண்துளைகளின் அமைப்பு, அளவு, வடிவம் ஆகியவற்றில் சிறு வேறுபாடுகள் உண்டு. அவற்றைக் கொண்டே தாய் இனங்காண்கிறது என்று அவர் கருதினார். 1979-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு பலரை வியக்க வைத்தது.

ஆக, அந்தப் பறவைக்கு எது தன்னுடையது என்று தெரியும். தெரிந்தும் பிறர் முட்டைகளில் பலவற்றைக் கூட்டிலேயே வைத்துக்கொள்கிறது. இது இரக்கமா? ஏமாளித்தனமா?

இரண்டும் இல்லை. மறுபடியும் ஒரு கணக்கு. கூட்டில் தாயின் முட்டைகள் மட்டும் 11 இருந்தால், ஒரு குள்ளநரி வந்து ஒன்றைத் தூக்கிச் சென்றால் இழப்பு உறுதியாகத் தாய்க்குத்தான். அதே கூட்டில் பிறருடைய 9 முட்டைகளும் சேர்ந்து 20 இருந்தால், இழந்தது தாயின் முட்டையாக இருக்கும் வாய்ப்பு 20-இல் 11, அதாவது 55 விழுக்காடு. வெளி வளையத்தில் கிடக்கும் முட்டைகளோ திருடனின் கண்ணிலும் காலிலும் முதலில் படும். தாயின் முட்டைகளுக்கு அவை ஒரு வேலி.

இதற்குத் தாய் கொடுக்கும் விலை என்ன? மிகக் குறைவு. குருவி தன் குஞ்சுகளுக்குப் பூச்சி பிடித்து ஊட்ட வேண்டும். ஒரு குஞ்சு கூடினால் உழைப்பும் கூடும். தீக்கோழிக் குஞ்சுகளோ பிறந்த சில நாட்களில் தாமே மேயத் தொடங்கிவிடும். ஊட்டும் வேலை இல்லை. முட்டையும் தாயின் உடலோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஒரு முட்டை 1.4 கிலோகிராம் எடை. ஏறக்குறைய 24 கோழி முட்டைகளுக்குச் சமம். ஆனாலும், தாயின் எடையில் அது நூற்றில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதல்தான். தாயின் எடையோடு ஒப்பிட்டால், பறவை முட்டைகளில் மிகச் சிறியது உலகின் மிகப் பெரிய முட்டையே! அதனால்தான் ஒரே பறவையால் இருபதை மூட முடிகிறது.

சரி, முட்டையிட்டுவிட்டுப் போகும் மற்றப் பெண் பறவைகளுக்கு என்ன பயன்? அவற்றின் சொந்தக் கூடு அழிந்திருக்கலாம். கூடே கிடைக்காமலும் இருந்திருக்கலாம். வெட்டவெளியில் இட்டால் ஒன்றும் மிஞ்சாது. இங்கே இட்டால் சிலவேனும் பொரிக்கும். நைரோபி தேசியப் பூங்காவில் மரபணுவைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2003-இல் வெளியானது. ஒரு கூட்டின் தலைமைப் பறவைகளே பக்கத்துக் கூடுகளிலும் முட்டையிட்டு வந்தன என்பதை அது காட்டியது. எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைக்காமல் பகிர்ந்து வைப்பது அவற்றின் நீடுநிலவலுக்கு உதவுகிறது. நீடுநிலவல் என்றால் கொம்பு, ஓடு, துர்நாற்றம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நடத்தையும் அதில் ஒரு கருவி.

வெள்ளை முட்டை சரியா, தவறா?

தரையில் முட்டையிடும் பறவைகளில் பலவற்றின் முட்டைகள் மண்ணிறத்தில், புள்ளிகளோடு இருக்கும். தீக்கோழி முட்டையோ பளபளக்கும் வெள்ளை. வானத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். அடைகாக்கத் தொடங்கும் முன் இரண்டு மூன்று வாரம் முட்டைகள் பெரும்பாலும் காவலின்றிக் கிடக்கும். இயற்கை தவறு செய்துவிட்டதா?

பெர்ட்ராமும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளரும் இதைச் சோதித்து, 1981-இல் முடிவை வெளியிட்டார்கள். சில முட்டைகளுக்குப் பழுப்பு நிறம் பூசி, வெள்ளை முட்டைகளோடு வெயிலில் வைத்து வெப்பத்தை அளந்தார்கள். இங்கே தற்சார்பு மாறி முட்டையின் நிறம். சார்பு மாறி முட்டையின் வெப்பநிலை. பழுப்பு முட்டைகள் கூடுதலாகச் சூடேறின. உள்ளே இருக்கும் கரு இறந்துவிடும் ஆபத்து அதில் உண்டு. ஆக, வெள்ளை நிறம் முட்டையைத் திருடருக்குக் காட்டிக் கொடுத்தாலும் வெயிலிலிருந்து காக்கிறது. இயற்கையில் எல்லா வகையிலும் சிறந்த தீர்வு என்று ஒன்று கிடைப்பது அரிது. எந்த இழப்பு சிறியது என்பதே கேள்வி.

திருடர்கள் யார்? கழுதைப்புலி, குள்ளநரி, சிங்கம் ஆகியவை உண்டு. மஞ்சள்முகப் பாறு என்னும் கழுகினமும் உண்டு. தமிழ்நாட்டில் திருக்கழுக்குன்றம் கோயிலுக்கு வந்து உணவு பெற்றதாகப் புகழ்பெற்ற கழுகுகள் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. தீக்கோழி முட்டையின் ஓடு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிப்பு. அலகால் கொத்தி உடைக்க இயலாது. ஆகவே, இந்தப் பாறு ஒரு கல்லை அலகால் எடுத்து, தலையை உயர்த்தி, முட்டையின்மீது வீசும். உடையும்வரை மறுபடி மறுபடி வீசும். சிம்பன்சி ஆய்வால் புகழ்பெற்ற ஜேன் குடாலும் ஹியூகோ வான் லாவிக்கும் தான்சானியாவில் இதைக் கண்டு 1966-இல் எழுதினார்கள். கருவியைப் பயன்படுத்தும் பறவைக்கு இது புகழ்பெற்ற எடுத்துக்காட்டு.

பகலில் தாய், இரவில் தந்தை

எல்லா முட்டைகளும் சேர்ந்த பிறகே அடைகாத்தல் தொடங்கும். அதனால் முதலில் இட்டதும் கடைசியில் இட்டதும் ஏறக்குறைய ஒன்றாகவே பொரிக்கும். பகலில் பழுப்பு நிறத் தாய் அமர்ந்திருக்கும்; உலர்ந்த புல்லோடு அது கலந்துவிடும். மாலையில் கறுப்பு நிறத் தந்தை வந்து காலைவரை அமரும்; இருளோடு அது கலந்துவிடும். இப்படி ஆறு வாரம். நிறம், நேரம், பொறுப்பு மூன்றும் பொருந்தி நிற்கும் அழகைப் பாருங்கள்.

குஞ்சுகள் பொரித்ததும் பெற்றோர் அவற்றை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடும். வேட்டை விலங்கு நெருங்கினால் குஞ்சுகள் சிதறிப் புல்லில் படுத்துக்கொள்ளும். பெற்றோரில் ஒன்று இறக்கை ஒடிந்ததுபோல் தள்ளாடி ஓடி, விழுந்து எழுந்து, எதிரியின் கவனத்தைத் தன் பக்கம் இழுக்கும். இரண்டு குடும்பங்கள் சந்தித்தால் சண்டை மூளும். வெற்றி பெற்ற இணை எல்லாக் குஞ்சுகளையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். சில கூட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் காணப்பட்டுள்ளன. இங்கேயும் அதே கணக்குத்தான்: கூட்டம் பெரிதானால், பிடிபடுவது தன் குஞ்சாக இருக்கும் வாய்ப்பு குறையும்.

இவ்வளவு செய்தும் பெரும்பாலான கூடுகள் பொரிப்பதற்கு முன்பே அழிந்துவிடுகின்றன. பொரித்த குஞ்சுகளிலும் பெரும்பகுதி ஓர் ஆண்டைக் காண்பதில்லை. புல்வெளியில் நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு தீக்கோழியும் பல ஆபத்துகளைத் தாண்டி வந்த பறவை.

மண்ணில் தலை புதைக்கும் கதை

ஆபத்து வந்தால் தீக்கோழி மண்ணில் தலையைப் புதைத்துக்கொள்ளும் என்று மேடையில் பேசுவோர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது உண்மையில்லை. புதைத்தால் மூச்சே விட முடியாது. உரோமானிய அறிஞர் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே, தீக்கோழி புதருக்குள் தலையை நுழைத்துவிட்டு முழு உடலும் மறைந்ததாக எண்ணிக்கொள்ளும் என்று எழுதினார். கதை அங்கிருந்து வளர்ந்திருக்கக்கூடும். கூட்டில் அமர்ந்திருக்கும் பறவை ஆபத்தை உணர்ந்தால், கழுத்தை நீட்டித் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். தூரத்தில் நிற்பவருக்கு உடல் மட்டும் ஒரு மண்மேடு போல் தெரியும், தலை தெரியாது. பள்ளத்திலுள்ள முட்டைகளை அலகால் புரட்டும்போதும் தலை மறைந்துவிடும். கண்டது ஒன்று, ஊகித்தது வேறு. உற்றறிதலுக்கும் ஊகித்தலுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

ஓடியும் தப்ப முடியாத எதிரி

சிங்கத்திடமிருந்து ஓடித் தப்பிய பறவை மனிதனிடமிருந்து தப்பவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பெண்களின் தொப்பியில் தீக்கோழி இறகு செருகுவது பெரும் நாகரிகமாக இருந்தது. தென்னாப்பிரிக்காவின் அவுட்ஸ்ஹோர்ன் நகரைச் சுற்றிப் பண்ணைகள் பெருகின. 1913-இல் அந்நாட்டின் ஏற்றுமதியில் தங்கம், வைரம், கம்பளி ஆகியவற்றுக்கு அடுத்த இடம் இந்த இறகுக்கு. 1914-இல் முதல் உலகப்போர் மூண்டதும் நாகரிகம் மாறி, வணிகம் சரிந்தது.

அரேபியப் பாலைவனத்தில் வாழ்ந்த தீக்கோழிகளின் முடிவு இன்னும் வேதனையானது. துப்பாக்கியும் மோட்டார் வாகனமும் வந்த பிறகு, மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம் அவற்றைக் காப்பாற்றவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவை அடியோடு அழிந்தன. அவற்றின் நெருங்கிய உறவான வட ஆப்பிரிக்கச் செங்கழுத்துத் தீக்கோழிகளைச் சவூதி அரேபியா தன் பாதுகாக்கப்பட்ட நிலத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அந்தச் செங்கழுத்துத் தீக்கோழிகளும் சகாராவின் பெரும்பகுதியிலிருந்து மறைந்துவிட்டன.

பொதுத் தீக்கோழி உடனடி ஆபத்தில் இல்லை என்று சிவப்புப் பட்டியல் கூறுகிறது. ஆனால் அதன் எண்ணிக்கை குறைந்து வருகிறது. சோமாலியத் தீக்கோழி அழியும் வாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. வேட்டை, முட்டை திருட்டு, மேய்ச்சல் நில இழப்பு ஆகியவை காரணங்கள். பண்ணையில் ஆயிரக்கணக்கில் வளர்கின்றனவே என்று ஆறுதல் கொள்ளக் கூடாது. வேலிக்குள் வளரும் பறவை சிங்கத்துக்குக் காவல் காக்க வேண்டியதில்லை. பக்கத்துக் கூட்டில் முட்டையிட வேண்டியதில்லை. இறக்கை ஒடிந்ததாக நடிக்க வேண்டியதும் இல்லை. இந்த வாழ்க்கை முழுவதும் நடப்பது திறந்த நிலத்தில்தான். அந்த நிலம் இருந்தால்தான் தீக்கோழி தீக்கோழியாக இருக்கும்.

ஒரு பார்வையில் தீக்கோழி

உயரம்: ஆண் 2.1 முதல் 2.7 மீட்டர்
உச்ச வேகம்: மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர்
விரல்கள்: ஒரு காலுக்கு 2
கண்ணின் குறுக்களவு: 5 சென்டிமீட்டர்
முட்டையின் எடை: ஏறக்குறைய 1.4 கிலோகிராம்
அடைகாக்கும் காலம்: ஏறக்குறைய 6 வாரம்

சிந்தித்துப் பாருங்கள்

1. ஒரு கூட்டில் தாயின் முட்டைகள் 10, பிறர் முட்டைகள் 15 உள்ளன. ஒரு முட்டை திருடப்பட்டால் அது தாயுடையதாக இருக்கும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு?

2. முட்டைக்கு நிறம் பூசிய ஆய்வில் கட்டுப்படுத்தப்பட வேண்டிய மாறிகள் எவை? இரண்டைக் குறிப்பிடுங்கள்.

3. குஞ்சுகளுக்குத் தாய்ப்பறவையே உணவு ஊட்ட வேண்டும் என்ற நிலை இருந்தால், தீக்கோழி பிறர் முட்டைகளை ஏற்றுக்கொண்டிருக்குமா? காரணத்துடன் விளக்குங்கள்.